பிப்பெட் எழுதிய பெண்

எங்கள் வகுப்பில் வலைப்பூ தொடங்கிய அன்று சித்தி கரும்பலகையில் மூன்று விதிகள் எழுதினாள். யாரும் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது. தினம் பார்க்கிற ஒரு ஆளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் திருத்த மாட்டேன், கேள்வி மட்டும் கேட்பேன்.

மூன்றாவதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சித்தியைப் பார்த்து நான் சிரிப்பதை நிறுத்தி அன்றோடு பதினேழு நாள் ஆகியிருந்தது.

அவள் அம்மாவின் தங்கை. எங்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு, அதாவது என் வகுப்பு, அவள் கையில் இருந்தது. வேலை கிடைத்தபோது மூன்று மாதம் என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினொரு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்று அம்மா அப்பாவுக்கு. இன்னொன்று என்னுடையது, அவள் வரும்வரை. பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். கட்டிலில் சுவரோரப் பாதி எனக்கு, மீதி அவளுக்கு. மேஜை முழுவதும் அவளுக்கு.

"அத்தனை நோட்டையும் மடியில வச்சா திருத்துவா, பாவம்" என்று அம்மாதான் மேஜையைக் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. என் புத்தகங்கள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போயின.

எனக்கு ஒரு டைரி இருந்தது. கடையில் விற்கிற டைரி இல்லை. பள்ளி நோட்டுதான். மற்ற நோட்டுகளைப் போலவே பழுப்புத்தாள் அட்டை. அதில் ஆங்கிலத்தில் எழுதுவேன், அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால். அப்பாவுக்கு வரும். ஆனால் அப்பா தன் மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடி எடுக்காதவர், என் நோட்டையா எடுக்கப்போகிறார். அந்த நோட்டில் ஒருநாள் எழுதினேன்: சித்தி போய்விட வேண்டும். அவள் மூச்சு விடும் சத்தம்கூட எனக்குப் பிடிக்கவில்லை. அவள் செத்தால்கூடப் பரவாயில்லை, அறை கிடைக்கும்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது அந்தப் பக்கத்தில் சிவப்பு மை. இரண்டு இடத்தில் வட்டம். ஒரு சொல்லை அடித்து மேலே வேறு சொல். கடைசியில் 'குட்'. அதற்குக் கீழே சித்தியின் சுருக்கொப்பம், தேதி.

செத்தால் பரவாயில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு 'குட்' போட ஒருத்தியால் முடியுமென்றால் அவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள்? கொசு என்று நினைக்கிறாள். அடித்திருந்தால் ஆறியிருக்கும். அம்மாவிடம் சொல்லியிருந்தால் ஒருநாள் சண்டையோடு முடிந்திருக்கும். இது ஏளனம் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து அவளோடு பேசுவதை விட்டேன். பேசியே தீர வேண்டிய இடத்தில் 'நீங்க' என்றேன். அதுவரை வீட்டில் நீ, வா, போதான்.

"என்னடி, திடீர்னு மரியாதையெல்லாம்?" என்றாள் சித்தி.

"மிஸ்தானே நீங்க."

"வீட்டுலயுமா?"

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் போக வேண்டும், அறை திரும்ப வேண்டும். அதற்கான ஆயுதத்தை அவளே கரும்பலகையில் எழுதிக் கொடுத்தாள்.

கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் எங்களுக்கு லாகின் போட்டுக் கொடுத்தார். நாற்பத்தொரு புனைபெயர் யோசிக்க அவருக்குச் சோம்பல். பக்கத்து வேதியியல் ஆய்வகத்தின் இருப்புப் பட்டியலை வாங்கி, மேலிருந்து கீழே அப்படியே போட்டுவிட்டார். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் குலுக்கினார். யாருக்கு எது என்று தனக்கும் தெரியக் கூடாது என்று சித்தி வராந்தாவில் போய் நின்றாள்.

என் பக்கத்து இருக்கைக்காரிக்குப் 'புனல்' வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றதால் சாயங்காலத்துக்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பெயர் பொருத்தம் அப்படி. பின் வரிசையில் ஒருவனுக்கு 'உடைந்த தெர்மாமீட்டர் இரண்டு' வந்தது.

"அண்ணா, மாத்திக் கொடுங்க."

"ஸ்டாக் அவ்வளவுதான், தம்பி."

எனக்கு 'பிப்பெட்'. சீட்டை மடித்துக் காலணிக்குள் வைத்துக்கொண்டேன். புனலிடம்கூடச் சொல்லவில்லை.

"மிஸ், இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்டான் உடைந்த தெர்மாமீட்டர்.

"இல்ல."

"அப்ப எதுக்கு மிஸ் எழுதணும்?"

"நாப்பது பேர் படிப்பாங்க."

"படிச்சா அவங்களுக்கு மார்க் உண்டா?"

வகுப்பு சிரித்தது. சித்தியும் சிரித்தாள். "கைடைப் பார்த்து எழுதுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா நான் கேள்வி கேக்க மாட்டேன். கேக்கறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காது" என்றாள்.

முதல் வாரம் முப்பத்தெட்டுப் பேர் 'என் அம்மா எங்கள் இல்லத்தின் விளக்கு' என்று எழுதினார்கள். எல்லோரும் ஒரே கைடு. சித்தி முப்பத்தெட்டுப் பேருக்கும் கீழே ஒரே கேள்வியைப் போட்டாள்: நேற்று மாலை ஆறு மணிக்கு உன் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்? பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள். ஆறு மணிக்கு என் அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று பதினோரு பேர். திட்டிய வார்த்தைகளைப் போட்டு எழுது என்றாள் சித்தி. அடுத்த வாரம் வகுப்பு மொத்தமும் வலைப்பூவைப் படித்தது.

நான் முதலில் நாலே வரி எழுதினேன். என் அறையில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் கெட்டவள். சுயநலக்காரி. எனக்கு அவளைப் பிடிக்காது.

கீழே கேள்வி வந்தது: கெட்டவள் என்கிறாய், நான் நம்பவில்லை. ஒரே ஒரு நாள் அவள் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல முடியுமா?

நம்பவில்லையாமே. சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

அவள் அலாரம் நாலரைக்கு அடிக்கும், அணைப்பாள். நாலே முக்காலுக்கு அடிக்கும், அணைப்பாள். ஐந்துக்கு அடித்ததும் எழுந்திருப்பாள். மூன்று முறையும் விழித்துக்கொள்வது நான். என் சீப்பால் தலை வாரி, உதிர்ந்த முடியைச் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைப்பாள். அப்புறம் எடுத்துப் போடுகிறேன் என்பாள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. போனில் யாரிடமாவது பேசும்போது 'என் ரூம்' என்பாள். இப்படி ஒரு பக்கம். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். நான் முட்டாள் இல்லை.

மறுநாள் காலை நானும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தி போனோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, என் கிளாஸ்ல ஒருத்தி எழுதியிருக்கா, கேளேன். பேரு பிப்பெட்டாம். கையா அது."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அலாரம் வரைக்கும் அம்மா காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சீப்பு வந்ததும் கத்தி நின்றது.

"யாரு அந்த மகராசி? இவளோட எல்லாம் எப்படித்தான் குப்பை கொட்டறாங்களோ."

அப்பாவுக்குப் புரை ஏறியது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி."

குடித்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அப்புறம் தலை நிமிரவே இல்லை.

"அடுத்தவங்க சீப்புல முடிய விட்டுட்டுப் போறது என்ன பழக்கம்?" என்றாள் அம்மா. "அந்த வீட்டுப் பெரியவங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க போல. ஆனா எனக்கு அந்தப் பொம்பளை மேல இன்னும் முழுசா கோபம் வரல, அக்கா. அவ எழுதினதுல எங்கயோ ஒரு ஓட்டை இருக்கு. அடுத்ததுல வர வைக்கறேன் பாரு."

ஜன்னல் விளிம்பில் அவள் முடி அப்படியே இருந்தது. ஒரு ஆளுக்குத் தன்னைத் தானே அடையாளம் தெரியாமல் போகும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அன்று மதியம் கேள்வி வந்தது: யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது அவள் என்ன செய்கிறாள்?

பள்ளி மூன்றே முக்காலுக்கு விடும். நான் முதல் பேருந்தில் வந்துவிடுவேன். சித்தி ஐந்தரைக்கு வருவாள், தினமும். கேட்டால் மீட்டிங் என்பாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு அறை. கதவைச் சாத்திவிட்டு மேஜையில் உட்கார்வேன். அது ஒன்றில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் நான் பேருந்து ஏறாமல் எதிர்ப்புறம் மருந்துக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். சித்தி நாலு மணிக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். பேருந்து வந்தது. ஏறவில்லை. ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டில் சும்மா கிடந்த பலகை மேல் பையை வைத்து, நோட்டுகளை எடுத்து, நின்றுகொண்டே திருத்தினாள். அடுத்த பேருந்தும் போயிற்று. கடைக்காரர் வந்து ஏதோ சொன்னார். அவள் தள்ளி நின்றுகொண்டாள். மூன்றாவது பேருந்தையும் விட்டாள். நாலாவதில் ஏறினாள். மறுநாளும் இதே. அதற்கு மறுநாள் தூறல். அப்போதும் இதே, நோட்டுகளின் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு.

மூன்றாவது நாள்தான் விளங்கியது. அவள் எனக்காக நிற்கிறாள். என் பதினேழு நாளோ முப்பது நாளோ அல்ல, வந்ததிலிருந்தே நிற்கிறாள்.

விளங்கியதும் கோபம் கூடியது. எனக்கே எனக்கென்று நினைத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் போட்ட பிச்சை. அதைச் சொல்லாமல் போட்டிருக்கிறாள், நான் நன்றியும் சொல்ல முடியாதபடி.

எழுதினேன். ஜெராக்ஸ் கடை, பலகை, விட்ட பேருந்துகள், துப்பட்டா. அவள் திருத்தியதை மட்டும் 'ஏதோ எழுதினாள்' என்றேன். என் அம்மா தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கும்போது இவள் தெருவில் நின்று நல்லவள் வேஷம் போடுகிறாள் என்று முடித்தேன். அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது தெரிந்தேதான் எழுதினேன். தெரியட்டும் என்றிருந்தது.

அன்று மாலை சித்தி மேஜையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் கணக்குப் போட்டேன். வழக்கமாகப் பிப்பெட்டைப் படிக்கும்போது அவள் தொடையில் தட்டிச் சிரிப்பாள். சத்தமே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து ஜன்னல் விளிம்பில் இருந்த முடியை எடுத்தாள். சீப்பில் இருந்ததையும் எடுத்தாள். சமையலறைக் குப்பைக்கூடைவரை போய்ப் போட்டுவிட்டு வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் விடிகாலை அலாரம் ஒரே முறைதான் அடித்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கேள்வி வந்தது: அவள் ஏன் நேரே வீட்டுக்கு வருவதில்லை என்று நீ நினைக்கிறாய்?

அப்போதும் கேள்விதான். விதியைக் காப்பாற்றுகிறாளாம்.

கீழே வகுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே தள்ளு என்றது உடைந்த தெர்மாமீட்டர். பூட்டை மாற்று என்றது ஸ்பிரிட் விளக்கு. ஒருவேளை அவங்களுக்கு வீட்டில் மரியாதை இல்லையோ என்று கேட்டது புனல். புனலை நான் அன்று முழுவதும் முறைத்தேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

நாலாவது பதிவை ஒரே பாடவேளையில் எழுதி முடித்தேன். இதில் எதையும் விடவில்லை. அவள் ஆசிரியை. இயற்பியல் செய்முறைக்கு வாங்கிய கடிகாரத்தில் நேரம் பார்த்திருக்கிறேன், ஒரு நோட்டுக்கு நாற்பது விநாடி. விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுவாள். என் சொந்த டைரியை எடுத்தாள். அதில் நான் எழுதியிருந்தது இது. அவள் போட்டது இது. கையெழுத்து, தேதி.

பொத்தானை அழுத்திய ஐந்தாவது நிமிடம் கணினி அறை அமைதியாயிற்று. எங்கள் வீட்டில் யார் இருக்கிறார் என்பது வகுப்புக்குத் தெரியும். நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.

"பிப்பெட் நீயாடி?" என்றாள் புனல்.

"உன் வேலையைப் பாரு."

"மூணு வாரமா பக்கத்துல உக்காந்திருக்கேன். என்கிட்டகூட சொல்லலயே."

"உன்கிட்ட சொல்றதுக்கு மைக்ல சொல்லலாம்."

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வகுப்புக்கு ஒரு பதிவை அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார் தலைமை ஆசிரியை. எதற்குக் கருத்துகள் அதிகமோ அதை எடுங்கள் என்று அலுவலகத்துக்கு உத்தரவு. என்னுடையதற்கு அறுபத்து மூன்று. யாரும் படித்துப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியமே பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டார்கள், ஓரத்தில் தங்க நிறத் தாள் வைத்து.

அன்று சித்தி என்னோடு முதல் பேருந்திலேயே ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அந்த நோட்ட எடு."

"எந்த நோட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஒரே பக்கம்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம்.

"இது எங்க இருந்துச்சு?"

"மேஜைல. என் மேஜைல."

"என் நோட்டோட கலந்திருக்கு." கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் இதைப் படிக்கல."

"பொய் சொல்லாதீங்க. ரெண்டு தப்பு கண்டுபிடிச்சு வட்டம் போட்டிருக்கீங்க."

"தப்பு கண்டுபிடிக்கப் படிக்க வேணாம். தப்பு தானா கண்ணுல படும். மத்தது படாது."

"படிக்காம எப்படி குட் போடுவீங்க?"

"நாலு கிளாஸ். நூத்தறுபது நோட்டு. நீதான் எழுதியிருக்கியே, நாப்பது செகண்டுன்னு. நாப்பது செகண்டுல எவ படிப்பா? லேபிள்கூடப் பார்த்திருக்க மாட்டேன். திறந்த பக்கத்துல மை காய்ஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்."

நான் நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"படிச்சிருந்தா அன்னிக்கே போயிருப்பேன்" என்றாள்.

அது பொய் இல்லை. மூன்று பேருந்தை விட்டு நின்றவள் அந்த வரியைப் படித்தபின் ஒரு இரவுகூடத் தங்கியிருக்க மாட்டாள். எனக்கு அது உறைத்தது. உறைத்ததும் வேறொன்று மேலே வந்தது.

"அப்ப இன்னும் மோசம்" என்றேன். "படிச்சிட்டு ஏளனம் பண்றீங்கன்னு நெனச்சேன். நீங்க பார்க்கவே இல்ல. நான் என்ன எழுதினாலும் குட்தானா?"

"ஆமா. இன்னும் மோசம்தான்." குரல் உயரவில்லை. "திருத்த ஆரம்பிச்சா படிக்க மாட்டேன்னு எனக்கே தெரியும். அதனாலதான் போர்டுல அப்படி எழுதினேன். உங்களுக்கு போட்ட விதி இல்ல அது."

"அதை என் நோட்டுக்கு முன்னாடி யோசிச்சிருக்கலாம்."

"யோசிச்சிருக்கலாம்."

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு அக்கா வருவா. நான் அந்தத் தாளை எடுக்கச் சொல்ல மாட்டேன். உன்னோடது அது. உன் லாகின்ல போய் நீ அழிச்சா சுவர்லயும் எடுத்துடுவாங்க."

"அழிக்க மாட்டேன்."

"சரி."

மேஜைக்குப் போய் நோட்டுக் கட்டைப் பிரித்தாள். முதல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை ஐந்து நோட்டுகூட முடிக்கவில்லை.

மறுநாள் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு வேலை. கூடத்தில் ஆசிரியைகள் ஆளுக்கொரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தி மூலையில். அம்மா நேராகத் தங்கத் தாள் ஒட்டிய சுவருக்குப் போனாள்.

"இது உங்க கிளாஸ்தானே? இதுக்குத்தான் முதல் இடமா?"

"ம்."

"யாரு எழுதினது? என்னன்னு சொல்லு."

கூடத்தின் மறுமுனையில் சித்தி யாரோ ஒரு தகப்பனிடம் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை.

பிப்பெட் என்றேன். முதல் வரியைத் தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு உடனே முகம் மலர்ந்தது. "அட, அந்த சீப்பு மகராசி. சொல்லு, சொல்லு."

சொன்னேன். அவள் ஆசிரியை என்றேன். நாற்பது விநாடி என்றேன். விரலை நாக்கில் தொடுவாள் என்றேன். அம்மாவின் சிரிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் நிறுத்தவில்லை. டைரியில் எழுதிய வரி வந்தது. ஆங்கிலத்தில் அது சின்ன வரி, யாரோ யாரையோ சொல்வது போல. தமிழில் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அவள் தங்கை சாவதைப் பற்றி இருந்தது. அதையும் சொன்னேன். 'குட்' சொன்னேன். கையெழுத்து, தேதி.

"முடிஞ்சுதா?"

"ம்."

"இதை ஏன் இங்கிலீஷ்ல எழுதின?"

"இங்கிலீஷ் கிளாஸ்மா."

"இதை இல்ல. நோட்டுல எழுதினியே, அதை."

நான் தங்கத் தாளின் பிரிந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினேன்.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மேஜைய அவ கேக்கல. நான் கொடுத்தேன். கட்டில்ல பாதி நான் கொடுத்தேன். என்கிட்ட ஒரு நாள், வேணாம்மான்னு சொன்னியா? என்மேல இருக்கற கோபத்தை அவ தலைல எழுதி வச்சிருக்க. என்னை என்னன்னு எழுதி வச்சிருக்க?"

"உன்னைப் பத்தி எழுதல."

"எழுதியிருப்ப. நான் எங்க போய்க் கண்டுபிடிக்க?"

அம்மா நடந்துபோய்ச் சித்தியின் மேஜைக்கு எதிரே பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"என் பொண்ணு எப்படிப் படிக்கறா, மிஸ்?"

"அக்கா."

"இங்க அக்கா இல்ல. சொல்லுங்க."

சித்தி என்னைப் பார்த்தாள். "நல்லா எழுதறா."

"அது தெரிஞ்சுது. நீங்க அன்னிக்கே படிச்சிருந்தா எனக்கும் அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் படிக்க வராது. உங்களுக்கு என்ன?"

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. சித்தி வருகைப் பதிவை அம்மாவின் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அம்மா போட்டுவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் சித்தி போனாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி. இரண்டு பைகள். அப்பா தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பில் அவள் இப்போதும் கேள்விகள் கேட்கிறாள், எனக்கும்தான். நானும் எழுதுகிறேன். இருவரும் 'நீங்க', 'நீ' என்பதற்கு மேல் போவதில்லை.

அவள் போன அன்று மாலை அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை மேஜையில் அடுக்கினேன். கதவைச் சாத்தினேன். ஐந்து நிமிடம் இருக்கும். கதவு திறந்தது. அம்மா கூடத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நோட்ட எடு. முதல் பக்கத்துலேர்ந்து படி. தமிழ்ல."

"எல்லாமா?"

"எல்லாம். தினம் மூணு பக்கம். எனக்கு அவசரம் இல்ல."

முதல் நாள் மூன்று. மறுநாள் மூன்று. பள்ளி, மழை, புனலோடு சண்டை. அம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் மாற்றிச் சொன்னாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதையும் அவளே சொன்னாள்.

"நீ உள்ளதைத்தான் படிக்கறியான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"உள்ளதைத்தான் படிக்கறேன்."

"ம். கேட்டுப் பார்க்கலாம்னா அவளையும் அனுப்பிட்ட."

நேற்று ஒன்பதாம் பக்கம் முடிந்தது. பன்னிரண்டாம் பக்கம் முழுவதும் அம்மா. அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். இன்று பத்து படித்தேன். பதினொன்று படித்தேன். தாளைத் திருப்பிவிட்டு நிறுத்தினேன்.

"தொண்டை வறண்டா தண்ணி குடிச்சிட்டு வா" என்றாள் அம்மா. "நான் இங்கயே இருக்கேன்."